ஐந்து மார்க் தப்பு

சாக்பீஸை எப்படிப் பிடிப்பது என்று பேராசிரியர் ஏழுபடி பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் இங்கே, ஆள்காட்டிவிரல் இங்கே, மணிக்கட்டு தளர்வாக. சொல்லிவிட்டுக் கரும்பலகையில் ஒரு கோடு இழுத்தார். அது கீச்சென்று கத்தியது. பதினான்கு வருஷமாகச் சாக்பீஸ் பிடித்து விரல்நுனி வெடித்துப்போன ஒருத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அவளுக்கே பயமாக இருந்ததால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். சாக்பீஸ் பிடிப்பதற்கும் குறிப்பு! இதுகள் நாளைக்கு வகுப்புக்குள் நுழைந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இதமாக இருந்தது.

ஏழுபடி என்பது அந்தக் கல்வியியல் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர். எந்தப் பாடத்தையும் ஏழு படிகளில்தான் நடத்த வேண்டும் என்பார். ஆர்வமூட்டல் முதல் படி, வீட்டுப்பாடம் ஏழாம் படி. நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டால் வீடு இடிந்து விழுந்த மாதிரி நெற்றியில் அடித்துக்கொள்வார். மனிதர் ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை. நாற்பது பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஆர்வமூட்டல் என்ன பாடுபடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரியும். ஆனால் அவளிடம் சான்றிதழ் இல்லை. அவளுடைய தனியார் பள்ளியின் தாளாளர் திடீரென்று ஒருநாள் கூப்பிட்டு, பயிற்சி முடித்த ஆசிரியர்கள்தான் இனி உயர்நிலை வகுப்புக்குப் போகலாமாம், முடித்துவிட்டு வாருங்கள், அதுவரை உங்கள் இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வரப்போகிற கோடை விடுமுறை முடிந்தும் சான்றிதழ் வரவில்லை என்றால் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் தன் வயதில் பாதிகூட இல்லாதவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். நேரில் அக்கா என்றும் முதுகுக்குப் பின்னால் பழசு என்றும் கூப்பிட்டார்கள். அவளும் சும்மா இல்லை, மனசுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். எல்லோருக்கும் படம் வரைந்து கொடுத்து நல்ல பெயர் வாங்குகிறவன் சார்ட் தம்பி. தினமும் வீட்டுக்குப் போய், இன்றைக்கு என்ன கூத்து தெரியுமா என்று தொடங்குவாள். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், முதலில் சர்டிபிகேட்டை வாங்கு, வீரத்தையெல்லாம் அப்புறம் காட்டிக்கொள்ளலாம் என்பார். இந்த மனுஷனிடம் போய்ச் சொன்னேனே என்று தன்னையே நொந்துகொண்டு அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஆனால் அவள் உண்மையிலேயே காறித்துப்ப நினைத்த விஷயம் வேறு. கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி. பயிற்சி மாணவர்கள் பாடம் நடத்திப் பழக அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்பு ஏ பிரிவைத்தான் வருஷாவருஷம் கொடுப்பார்கள். ஏ பிரிவுப் பிள்ளைகள் சுத்தமாகத் தலை வாரியிருக்கும், கேட்டால் பதில் சொல்லும். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் கடைசி அறையில் டி பிரிவு இருந்தது. படிப்பு ஏறாது என்று முடிவுகட்டப்பட்டவர்களை அங்கே போட்டிருந்தார்கள். பயிற்சிக்கு வந்த எவரையும் அந்தப் பக்கம் அனுப்பியதில்லை. ஏ பிரிவுக்கோ மிதத்தல் பாடத்தை இந்த வருஷம் மட்டும் எத்தனை பேர் நடத்தினார்கள் என்று கணக்கே கிடையாது. இரும்பு ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது? பிள்ளைகளுக்கு அது தூக்கத்தில்கூட வரும். ஆனால் தேர்வில் 'மாணவர் தவறுகளைக் கனிவுடன் திருத்துதல்' என்று ஒரு இனம் இருந்தது. ஐந்து மார்க். எல்லாம் தெரிந்த பிள்ளைகளிடம் தவறுக்கு எங்கே போவது? அதற்காகவே ஜன்னலோரம் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருந்தார்கள். முந்தின நாளே போய் அவளிடம் சொல்லிவிட்டால் சரியான நேரத்தில் எழுந்து தப்பான பதிலைச் சொல்வாள். தப்புக்காரி என்றுதான் அவளுக்குப் பெயர். தலைமையாசிரியைக்குத் தெரியும், ஏழுபடிக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதுதான் எட்டாவது படிபோலும்.

நான் அந்தப் பிள்ளையிடம் போய் நிற்க மாட்டேன் என்று இவள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். ஒரு குழந்தையை முட்டாளாக நடிக்கவைத்துத்தான் நான் டீச்சர் ஆக வேண்டும் என்றால் அந்தச் சான்றிதழை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. சார்ட் தம்பி கைகூடத் தட்டினான்.

தேர்வு நாளன்று வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். காபியும் பிஸ்கட்டும் ஆனது. முதலில் பாடம் நடத்தப் போனவள் ஒரு சின்னப் பெண். அந்தக் கும்பலில் இவள் மதித்த ஒரே ஜீவன். அக்கா சொன்னது சரிதான் என்று அந்தப் பெண்ணும் யாரிடமும் எதையும் சொல்லிவைக்காமல் உள்ளே போனாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பிள்ளைகள் டக் டக்கென்று சரியான பதிலைச் சொன்னார்கள். தேர்வாளர் பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார். ஒருத்தர்கூடத் தப்புச் செய்யவில்லை என்றால் இது ஒத்திகை பார்த்த வகுப்பு, என் காதில் பூச்சுற்ற வேண்டாம், அடுத்த வருஷம் வந்து ஒழுங்காக நடத்து என்று சொல்லிவிட்டார். ஒத்திகையே பார்க்காத ஒரே வகுப்பு அதுதான். அந்தப் பெண் வெளியே வந்து தூணில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவளைப் பார்க்கவே இவளுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வருஷம். அடுத்த வருஷம் தாளாளர் வேறு யாரையாவது பார்த்து அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருப்பார். இடைவேளை மணி அடித்ததும் கால்கள் தானாக ஜன்னலோர பெஞ்சுக்குப் போயின. தப்புக்காரி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். இவள் தொண்டையைச் செருமினாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

"கப்பல் பெரிசா இருக்குங்கற தப்பா மிஸ், இல்ல கப்பல் வேகமா போகுதுங்கற தப்பா? உங்களுக்கு எது திருத்த ஈஸி?" என்று கேட்டது அந்தப் பிள்ளை.

பெரிசு என்பதையே சொல் என்றாள். சரி மிஸ் என்று அந்தப் பிள்ளை சீவலை ஊதித் தள்ளியது.

வகுப்பு அமோகமாக நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தொட்டியில் தண்ணீர், கையில் ஈயத்தாள். கப்பல் ஏன் மிதக்கிறது என்று கேட்டதும் தப்புக்காரி எழுந்து, கொஞ்சம் தயங்கி, கண்ணை மேலே உருட்டி, "அது ரொம்பப் பெரிசா இருக்கறதால மிஸ்" என்றாள். எவ்வளவு இயல்பு! இவள் சிரித்த முகமாக, அப்படியா, நல்ல யோசனை, சோதித்துப் பார்ப்போம் என்றாள். ஈயத்தாளைக் கசக்கி இறுக்கமாக உருட்டிப் போட்டாள், மூழ்கியது. அதையே எடுத்துப் பிரித்துக் கிண்ணமாக வளைத்து விட்டாள், மிதந்தது. தாள் பெரிதாகவில்லை, எடை மாறவில்லை, பின்னே மாறியது என்ன என்று கேட்டாள். பிள்ளைகள் கழுத்தை நீட்டின. பதினான்கு வருஷத்துக் கைத்திறமை அத்தனையும் அந்த ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தது. வெட்கக்கேடு, அவளுக்கு அது பிடித்திருந்தது.

தேர்வாளர் எழுந்து நின்றார். இப்படியல்லவா திருத்த வேண்டும் என்று ஏழுபடியைப் பார்த்துத் தலையாட்டினார். ஏழுபடி தானே கப்பலைக் கட்டி மிதக்கவிட்ட மாதிரி நெளிந்தார். அதோடு அந்த மனிதர் போயிருக்கலாம். ஆனால் மார்க் போடுகிறவர்களுக்கு அது மட்டும் போதாது. போகிற இடத்தில் எதையாவது சீர்திருத்திவிட்டுப் போனால்தான் மதிப்பு. ஜன்னலோரப் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னார். இத்தனை பேருக்குத் தெரிந்தது உனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று கேட்டார். அவள் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்தாள். இந்தப் பெண் எப்படி ஏ பிரிவில் இருக்கிறாள், மெதுவாகப் படிக்கிறவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதல்லவா என்று தலைமையாசிரியையிடம் கேட்டார். தலைமையாசிரியை சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஏழுபடி கைக்குட்டையை எடுத்தார்.

தேர்வாளர் இவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க அனுபவசாலி. நீங்களே சொல்லுங்கம்மா. இந்தப் பொண்ணு இந்த வகுப்புல இருக்கலாமா?"

இவளுக்குச் சொல்ல வேண்டியது ஒரே வரி. சார், இது நான் சொல்லச் சொன்ன பதில். அவ்வளவுதான். அது நாக்கு நுனிவரை வந்தது. மேஜைமேல் அவருடைய பேனா இன்னும் திறந்தபடியே இருந்தது. கையெழுத்து விழவில்லை.

"கவனம் கொஞ்சம் பத்தாது சார்" என்றாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "தனியா சொல்லிக்கொடுத்தா வந்துடும்."

தேர்வாளருக்குத் திருப்தி. இன்றைக்கே மாற்றிவிடுங்கள் என்றார். தலைமையாசிரியையும் ஆகட்டும் என்றார். ஆகாது என்றால் பறிபோக அவருக்கும் ஏதோ ஒரு நாற்காலி இருந்திருக்கும். பேனா ஓடியது. பக்கத்தில் வந்து நின்ற ஏழுபடி, எல்லாப் படியும் ஏறிட்டீங்கம்மா என்று காதோடு சொன்னார். அவர் வாயில் பிஸ்கட் வாசனை அடித்தது. இத்தனை நாள் இந்த மனிதரை எந்த உயரத்தில் நின்றுகொண்டு கேலி செய்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

தப்புக்காரி பெட்டியை மூடினாள். புத்தகங்களைப் பையில் அடுக்கினாள். பக்கத்துப் பிள்ளையிடமிருந்து தன் அளவுகோலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். இவள் பின்னாலேயே ஓடி வராந்தாவில் மறித்தாள். மூச்சு வாங்கியது.

"ரிசல்ட் வரட்டும்மா. வந்த அடுத்த நாளே நான் வந்து உங்க ஹெச்செம்கிட்ட உண்மையச் சொல்லிடறேன். சத்தியமா."

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது. அழுகை இல்லை, கோபமும் இல்லை.

"நீங்க வர மாட்டீங்க மிஸ்" என்றது.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றது. இவள் ஏதாவது சொல்வாள் என்று அதற்கு எதிர்பார்ப்பு இருந்தது, முகத்தில் தெரிந்தது. இவள் வாயைத் திறந்தாள். கட்டாயம் வருவேன் என்று சொல்ல வேண்டும், அதுவும் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண் வகுப்பு வாசலுக்குப் போனது. உள்ளே அடுத்து நடத்தப்போகிற சார்ட் தம்பி படத்தை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தான்.

பிள்ளை பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வராந்தாவின் கோடிக்குப் போனது. கடைசி அறையின் கதவைத் தட்டியது. உள்ளே இருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பின. இவ்வளவு தூரத்திலிருந்தும் அது தெரிந்தது. பின் வரிசையில் யாரோ ஒருத்தி நகர்ந்து, பெஞ்சைக் கையால் துடைத்துவிட்டு, இங்கே வா என்று தட்டிக் காட்டினாள்.