திங்கள் தண்ணீரும் வியாழன் தண்ணீரும்

கடையை எதிர்ப்பக்கம் மாற்றியதுதான் நாங்கள் செய்த ஒரே தப்பு. அதுவும் எத்தனை தூரம்? பதினெட்டே காலடி. நானே நடந்து எண்ணியிருக்கிறேன். பழைய கடையில் நாலு மேசை, புதியதில் ஒன்பது. ஆசை யாரை விட்டது.

என் கணவர் ஹும்முஸ், அதாவது கொண்டைக்கடலை மசியல், விற்கும் கடைக்காரர். மகன் ஷாஹிர் பேரை வைத்து ஊருக்கு அவர் அபு ஷாஹிர், நான் உம் ஷாஹிர். அம்மான் நகரத்தில் எங்கள் மேட்டுத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாகக் காலைச் சாப்பாடு என்றால் அவர் கடைதான். எங்கள் பக்கம் நன்றாகச் சமைப்பவரை ‘நஃபஸ் உள்ள ஆள்’ என்போம். நஃபஸ் என்றால் மூச்சு. அதே கொண்டைக்கடலை, அதே எள்விழுது, அதே எலுமிச்சையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் சிலர் செய்தால்தான் ருசிக்கும். அந்த மூச்சு அவருக்கு உண்டு என்று தெருவே சொன்னது. அவரும் நம்பினார். கடலை மசிக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாதிரி ஒரு கையைத் தூக்கி நிறுத்துவார். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

புதிய கடையில் முதல் நாளே கடலை வேகவில்லை. நாலு மணி நேரம் கொதித்தும் உள்ளே மணல் மணலாக நின்றது. முதலில் கடலை வியாபாரியைத் திட்டினார். அப்புறம் அண்டாவை, அப்புறம் கேஸை. கடைசியில் பழி கண்ணேறு மேல் விழுந்தது. ஒன்பது மேசையைப் பார்த்து எவனோ வயிறெரிந்துவிட்டானாம். ஒரு நீலக்கண் மணியை வாங்கி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார். ஆவியில் அதற்கு வியர்த்ததுதான் மிச்சம். அப்புறம் சமையல் சோடாவை இரண்டு மடங்காகப் போட்டார். கடலை கொஞ்சம் இளகியது, ருசி ஓடிப்போய்ச் சோப்பு வாடை வந்தது.

“அபு ஷாஹிர், இதைத் திங்கணுமா, இல்ல இதால சட்டை துவைக்கணுமா? சொல்லிட்டா அதுக்கேத்த மாதிரி நடந்துக்குவேன்” என்றார் அபு ஸஅல். ஓய்வுபெற்ற டாக்ஸிக்காரர், தினமும் முதல் மேசை அவருடையது. வாயை மூட அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

“கடலை சரியில்ல இந்தத் தடவை” என்றார் என்னவர்.

“கடலைய ஏன்யா சொல்ற? கடை பெருசாச்சு, நஃபஸ் சிறுசாச்சு.”

அந்தப் பேச்சு மத்தியானத்துக்குள் தெருவின் இரண்டு முனைக்கும் போய்விட்டது. ஒன்பது மேசையில் ஏழு காலியானது. என்னவர் மசிக்கும்போது கையைத் தூக்குவதை நிறுத்தினார். பேச்சுக் கொடுக்கத்தான் ஆளே இல்லையே. ஒரு செவ்வாய்க்கிழமை ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

“வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் இப்படின்னா பூட்டிட்டு உன் அண்ணன் டயர் கடையில போய் உக்காந்துக்கறேன்.”

என் அண்ணனைப் பற்றி அவருக்குத் தெரியும். ஆயுசுக்கும் கேலி செய்தே கொல்வான். தெரிந்தே சொன்னார் என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

மறுநாள் தலைக்குச் சாயம் போட ருதைனாவிடம் போனேன். எங்கள் பழைய கடையை எடுத்து அழகு நிலையம் நடத்துபவள். சுவரை ரோஸ் நிறமாக அடித்துவிட்டாள் என்று அவள்மேல் எனக்குக் கடுப்பு. ஆனாலும் தெருவில் வேறு ஆள் இல்லை.

“உங்க பழைய கடைத் தண்ணி வரம், உம் ஷாஹிர்” என்றாள், என் தலையைத் தேய்த்துக்கொண்டே. “முன்னாடி எதிர்ப்பக்கம் எங்க அக்கா வீட்டுல தொழில் பண்ணினேன். பாதி பாட்டில் ஷாம்பூ ஊத்தினாலும் நுரைக்காது. வந்தவளுங்க தலையெல்லாம் தொடப்பமாப் போச்சு.”

“ஒரே தெரு, ஒரே தண்ணிதானேடி?”

“அது எப்படி ஒண்ணாகும்? எங்களுக்குத் திங்கக்கிழமைத் தண்ணி, உங்களுக்கு வியாழக்கிழமைத் தண்ணி. இது வேற குழாய். அங்க வர்றது ஆழ்துளைக் கிணத்துத் தண்ணி, முழுக்கச் சுண்ணாம்பு. குழாய் ரிப்பேர் பண்ண வந்தவன் சொன்னான்.”

நுரையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் விடுகிற ஊர் இது. எந்தப் பக்கத்துக்கு எந்த நாள் என்று பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நாள் வேறு என்றால் தண்ணீரும் வேறாக இருக்கலாமே என்று இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. புதுக் கடைக் கெட்டிலில் வெள்ளை வெள்ளையாக ஏடு படிந்ததைத் தினமும் நான்தான் சுரண்டினேன். சுரண்டினேனே தவிர யோசிக்கவில்லை. என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

ருதைனாவிடம் ஒரு கேன் தண்ணீர் வாங்கி வீட்டில் ஒரு கைப்பிடி கடலையை ஊறப்போட்டேன். மறுநாள் காலையில் வேகவைத்தால் ஒரு மணி நேரத்தில் வெண்ணெயாகக் குழைந்தது. மசித்து, எள்விழுது சேர்த்து, எலுமிச்சை பிழிந்து ஒரு வாய் வைத்தேன். அதே ஹும்முஸ். தெரு முழுக்க வாய் ஓயாமல் புகழ்ந்ததே, அதுவேதான். சொல்லப்போனால் எலுமிச்சை என்னுடையதில்தான் சரியாக இருந்தது.

சந்தோஷப்பட வேண்டியவள் பயந்துபோனேன். சொன்னால் கடை பிழைக்கும். ஆனால் இத்தனை வருஷமாகத் தன் மூச்சு என்று நினைத்தது ஒரு குழாய் என்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்?

சொல்லவில்லை. வியாழன் மத்தியானம் அவர் தூங்கும் நேரம், நானும் ருதைனாவும் கேன் கேனாகத் தூக்கினோம். ஊறவைக்கவும் அந்தத் தண்ணீர், கொதிக்கவைக்கவும் அந்தத் தண்ணீர். வெள்ளிக்கிழமை அபு ஸஅல் மூன்றாவது தட்டைத் துடைத்துவிட்டு, “நஃபஸ் திரும்பி வந்துடுச்சுய்யா!” என்று கத்தினார். என்னவர் கண்ணை மூடி ஒரு கையை உயர்த்தினார். அந்தக் கையைப் பார்க்க எனக்கு அன்றைக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

திருட்டுத்தனம் நாலு நாள்தான் ஓடியது. செவ்வாயன்று நடுத்தெருவில் இரண்டு கேனோடு அவரிடமே மாட்டிக்கொண்டேன். மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்குள் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்போ இத்தனை வருஷமா எல்லாரும் குழாயைத்தான் பாராட்டினாங்களா, உம் ஷாஹிர்?”

கேட்ட குரலில் கோபமே இல்லை. கோபத்தில் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

“தண்ணி கடலைய வேகவைக்கும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் கை” என்றேன். “சந்தேகமா இருந்தா நாளைக்கு நான் பண்றேன். உங்க கடலை, உங்க அண்டா, அந்தத் தண்ணியேதான். நீங்க அடுப்புப் பக்கமே வரக்கூடாது. தின்னு பாத்துட்டுப் பேசுங்க.”

நன்றாகச் சமைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. கட்டிய புருஷனுக்குச் சந்தேகம் வராத அளவுக்குக் கெடுப்பதுதான் கஷ்டம். மறுநாள் பூண்டை ஒரு பல் கூட்டினேன். எள்விழுதைக் கடலை ஆறுவதற்குள் கொட்டினேன். எலுமிச்சையில் ஒரு மூடி குறைத்தேன். தெரிந்தே ஒரு சாப்பாட்டைக் கெடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர் ரொட்டியைக் கிழித்துத் தொட்டு வாயில் போட்டார். மென்றார். இன்னொரு துண்டு கிழித்தார். மூச்சு விடாமல் நின்றேன். அதற்குள் அபு ஸஅல் வந்து கேட்காமலே அதே தட்டில் கை வைத்தார்.

“யாருய்யா இதைப் பண்ணது? வேலைக்கு ஆள் போட்டிருக்கியா? முதல்ல அவனை வெளிய அனுப்பு!”

அந்த ஆள் தலையிலேயே தட்டைக் கவிழ்க்கலாம் என்று வந்தது. என்னவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். முந்தின நாள் காணாமல்போன முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. எழுந்தார், ஏப்ரனை இறுக்கிக் கட்டினார், காலிக் கேன் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கேயிருந்து திரும்பி வந்து என் தோளைத் தட்டினார்.

“மனசுல வச்சுக்காதே. மோசம்னு சொல்லமாட்டேன். நஃபஸ் எல்லாருக்கும் வந்துடாது.”

“நல்லா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“என்ன பண்ணுவேன்? பெயிண்டரைக் கூப்பிட்டு வெளிப் பலகையில என் பேரை அழிச்சுட்டு உன் பேரை எழுதச் சொல்லியிருப்பேன்.” சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அபு ஸஅலும் சேர்ந்து சிரித்தார்.

நானும் சிரித்தேன். கண்ணாடிக்கு வெளியே பலகை பச்சையும் வெள்ளையுமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் தட்டைக் கழுவ எடுத்துப் போனேன்.