எட்டாவது விசில்

"வர்றேன்னு சொல்லிட்டாரா?" என்று மனைவியிடம் கேட்டார் பாக்கியநாதன்.

"சொல்லிச்சி. ஞாயித்துக்கிழமை. ராத்திரி சாப்பாட்டுக்கு."

"சாப்பாட்டுக்கா? டீக்கு இல்லயே?"

"சாப்பாட்டுக்குன்னு அண்ணனே வாயைத் தொறந்து சொல்லிச்சிங்க. எதுக்கு இத்தனை கேள்வி?"

கேட்காமல் எப்படி இருப்பது? லூர்துமேரியின் அண்ணன் அருளப்பன் அந்த வீட்டுச் சோற்றில் கை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து இடையில் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் செகந்திராபாத் மெட்டுகுடா வீட்டு வாசலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். காரணம் ஒரே ஒரு துண்டு மாட்டுக்கறி. ஒரு ஈஸ்டர் விருந்தில், பதினெட்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அருளப்பன் அந்தத் துண்டை வாயிலிருந்து எடுத்து இலை ஓரத்தில் வைத்து, "ஏம்மா லூர்து, இது மாடா, மாடு போட்டிருந்த செருப்பா?" என்று கேட்டார். பதினெட்டு பேரும் சிரித்தார்கள். பாக்கியநாதனும் சிரித்தார்; அதற்கு அவர் பட்ட பாடு தனிக்கதை.

லூர்துமேரி கரண்டியோடு நிமிர்ந்து, "அப்போ இனிமே என் வூட்டுல துன்னாத" என்றாள்.

வாழ்நாளில் தங்கை சொன்ன ஒன்றைக்கூடக் கேட்காத அண்ணன், இதை மட்டும் கேட்டுக்கொண்டார்.

இப்போது வருகிறார். செருப்பு என்று சொன்ன வாயாலேயே அந்தச் சொல்லை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கறி பஞ்சாக வேக வேண்டும். லூர்துமேரிக்கு அந்த வாரம் முழுக்க வேறு நினைப்பே இல்லை.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நேராகக் கறிக்கடைக்குப் போனாள்.

"பாய், படேகா ஒரு கிலோ. எலும்பு நக்கோ, நரம்பு நக்கோ. எளசா இருக்கணும்."

இந்த ஊரில் ஆட்டுக்கறி என்றால் 'சோட்டேகா', மாட்டுக்கறி என்றால் 'படேகா'. பாய் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஹவ் அம்மா, மக்கன் ஹை மக்கன்" என்றார்.

"போன தடவையும் வெண்ணெய்னுதான் சொன்னீங்க."

"மெஹ்மான் ஆரே க்யா?"

"விருந்தாளி இல்ல பாய். அண்ணன்."

"அரே, ஓ தோ ஔர் முஷ்கில்!" என்று, அது இன்னும் கஷ்டமாயிற்றே என்ற முகத்தோடு பாய், வேண்டாம் என்ற பிறகும் ஒரு நல்லி எலும்பை இனாமாகச் சேர்த்துப் போட்டார். அவருக்கும் அக்கா தங்கைகள் இருப்பார்கள் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து இஞ்சி பூண்டு அரைத்து, மஞ்சள் போட்டுக் கறியைப் பிசறிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு சுமலதா எட்டிப் பார்த்தாள். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம்.

"ஆண்ட்டி, பச்சி பொப்பாயி. நூரி தெச்சானு. அர ஸ்பூன் சாலு, மெத்தகா ஒஸ்துந்தி."

பச்சைப் பப்பாளியை அரைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், அரை ஸ்பூன் போதும், கறி மெத்தென்று வரும் என்கிறாள். சுமலதா தெலுங்கில் பேசுவாள், லூர்துமேரி தமிழில் பேசுவாள். பதினோரு வருடமாக ஒரு சண்டை இல்லை.

"நக்கோம்மா சுமா. எங்க ஊர்ல கறி தன்னாலதான் வேகும். பப்பாளி போட்டு வேக வச்சா அது பப்பாளியோட சமத்து, என் சமத்தா?"

சுமலதா சிரித்துக்கொண்டே கிண்ணத்தை மேடை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

லூர்துமேரி கிண்ணத்தைப் பார்த்தாள். யாரும் இல்லை. அரை ஸ்பூன் எடுத்துக் கறியில் போட்டாள். செருப்பு ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு ஸ்பூன் போட்டாள். பதினெட்டு பேரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. கிண்ணத்தை அப்படியே கவிழ்த்து, விரலால் வழித்தும் போட்டாள்.

சாயங்காலம் சின்ன வெங்காயம் வதக்கி, மிளகும் சோம்பும் மல்லியும் அரைத்த மசாலாவைக் கொட்டி, கறியும் எலும்பும் சேர்த்து, தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் குக்கரை மூடினாள். அடுப்பைச் சிறிதாக்கினாள். அவள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். கோபித்துக்கொண்டு போனவரை, போகச் சொன்னவளே நேரில் போய் அழைத்து வர வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். வாசலில் நின்று 'வா' என்றால் செல்லாது.

"இந்தா பாருங்க, எட்டு விசில். எட்டாவது வந்ததும் அடுப்பை நிறுத்திடுங்க. வேற ஒண்ணியும் செய்ய வேணாம்."

"எட்டு. சரி."

"டிவி பார்க்காதீங்க."

"முப்பத்தி நாலு வருஷம் ரயில்ல கார்டா வேலை பார்த்தவன்டி நான். விசிலைப் பத்தி எனக்குச் சொல்றியா?"

செகந்திராபாத்தில் வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். ஒரு வழியாக அருளப்பன் இறங்கினார். வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

"வாண்ணா."

"ம்."

"அண்ணி நல்லாக்கீதா?"

"ம்."

இன்னும் கோபம் தீரவில்லை என்று லூர்துமேரி நினைத்தாள். ஆட்டோ பாலத்தடி நெரிசலில் நின்றபோது, "கறி வச்சிருக்கேண்ணா" என்றாள்.

கைக்குட்டை கொஞ்சம் அசைந்தது. "கறி எதுக்கு? ரசம் போதும்."

"ரசமா? ஒம்பது வருஷம் கழிச்சி வந்து ரசமா கேக்கற?"

"வவுத்துக்கு நல்லது."

"என் கறி மேல உனக்கு அவ்ளோ பயம்!"

அருளப்பன் கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். அவளுக்குக் காது வரை சூடேறியது.

வீட்டுக்குள் நுழையும்போது பாக்கியநாதன் சமையலறை வாசலில், கையில் நோட்டும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தார். "வாங்க மச்சான், உக்காருங்க. ஒரு நிமிஷம். லூர்து, ஏழு ஆயிடுச்சி."

"என்ன ஏழு?"

"விசில். எட்டாவதுக்குத்தான் நின்னுகினு இருக்கேன்."

"நான் போயி ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆவுதே! இத்தனை நேரத்துல ஏழா?"

"முழுசா நீளமா வந்தது ஏழு. நடுவுல புஸ்ஸு புஸ்ஸுன்னு குட்டையா வந்ததெல்லாம் சேர்த்தி இல்ல. அதைத் தனியா எழுதி வச்சிருக்கேன், பாரு. பத்தொம்பது."

"பத்தொம்பதா!"

"குட்டை விசிலுக்கும் நெட்டை விசிலுக்கும் அர்த்தம் வேறடி. ரெண்டையும் ஒண்ணா எடுத்தா வண்டி எங்க போய் முட்டும் தெரியுமா?"

"என் வண்டி முட்டிடுச்சிங்க!" என்று அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். ஆவியை இறக்கி மூடியைத் திறந்தாள்.

வாசனைக்குக் குறைவில்லை. பளபளவென்று, கெட்டியாக, எண்ணெய் மிதக்கும் அருமையான குழம்பு. கரண்டியை விட்டுத் துழாவினாள். ஓரமாகத் துழாவினாள். அடியில் துழாவினாள். கிடைத்தது ஒரே ஒரு நல்லி எலும்பு. சோப்பு போட்டுக் கழுவியதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஒரு கிலோ கறிங்க," என்றாள் கிசுகிசுப்பாக. "ஒரு துண்டு இல்ல."

பாக்கியநாதன் எட்டிப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். "எழுதினதுல தப்பில்ல" என்றார்.

செருப்பு என்று சொன்னவர் இனி என்ன சொல்வார்? கறி வாங்கவே வக்கில்லை என்பார். ஜோலார்பேட்டை முழுக்கச் சொல்வார். ஆனால் ஆள் கை கழுவிவிட்டு உட்கார்ந்தாயிற்று. சோற்றைப் போட்டு, கண்ணை மூடிக்கொள்ளாத குறையாகக் குழம்பை ஊற்றினாள்.

அருளப்பன் அந்தப் பக்கம் திரும்பிக் கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். தட்டைப் பார்த்தார். விரலால் கிளறினார். "துண்டெல்லாம் எங்க?"

"அதுக்குள்ளதான் இருக்குது."

ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். மூன்றாவது வாய்க்குப் பிறகு தட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை. "ஊத்து" என்றார். ஊற்றினாள். மறுபடியும் "ஊத்து" என்றார்.

நாலாவது கரண்டியில் லூர்துமேரிக்குத் தைரியம் வந்துவிட்டது. "இப்போ சொல்லுண்ணா. மாடா, செருப்பா?"

அருளப்பன் நிமிர்ந்து சிரித்தார். வாயில் ஒரு பல்கூட இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"ஐயோ அண்ணா!"

"பல்லு செட்டு பையில கீது." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "புதுசா கட்டினது, கடிக்குது. நீ கறி வச்சிருக்கேன்னதும் அதான் ரசம் கேட்டேன். முழுங்கிடலாம்னுதான் வந்தேன். லூர்து, இந்த மாதிரி வெந்த கறிய நான் துன்னதே இல்ல. செருப்புன்னு சொன்னது தப்பு."

லூர்துமேரிக்கு நெஞ்சு நிறைந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் அவர்.

"அன்னிக்கும் கறி நல்லாத்தான் வெந்திருந்துச்சி. எனக்குத்தான் கடவாப்பல்லு ரெண்டு ஆடிகினு இருந்துச்சி. அத்தினி பேரு முன்னால எப்படிச் சொல்றது? அதான் மாட்டு மேல பழியப் போட்டேன்."

"மாட்டு மேலயா? என் மேல போட்ட!" கரண்டி உயர்ந்தது. "ஒம்பது வருஷமா நான் தூக்கம் கெட்டுத் திரிஞ்சேன், உன் பல்லு ஆடுனதுக்கா? உண்மைய மறைக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல? எங்கிட்ட ஏதாவது ஒளிவு மறைவு உண்டா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் சுமலதா நின்றாள்.

"ஆண்ட்டி, நா பொப்பாயி கின்னெ..." மேடை மேல் துடைத்து வைத்தாற்போல் கிடந்த கிண்ணத்தைப் பார்த்தாள். "அய்யோ, மொத்தம் வேசாரா? அர ஸ்பூன் செப்பானு கதா!" மொத்தத்தையும் போட்டுவிட்டீர்களா, அரை ஸ்பூன் என்றுதானே சொன்னேன் என்கிறாள்.

பாக்கியநாதன் தன் நோட்டை மெல்ல மூடினார். "அப்போ தப்பு விசில்ல இல்ல" என்றார்.

"பப்பாளியா?" என்றார் அருளப்பன். தோள் குலுங்கியது. பிறகு மொத்த உடம்பும் குலுங்கியது. பொக்கை வாய் முழுதும் திறந்து, கண்ணில் தண்ணீர் வர அவர் சிரித்ததைப் பார்த்து சுமலதாவும் சிரிக்க, பாக்கியநாதன் மட்டும் பழைய அனுபவத்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"சிரிக்கிறதுன்னா பல்லைப் போட்டுக்கினு சிரிண்ணா," என்று லூர்துமேரி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.