ஓடைக்குச் செய்த சவரம்

சலூன்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே நிற்பவர் தலைபோகிற விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார். இவர் கண் அவருடைய காதோரத்திலேயே இருக்கும். கிருதா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் போச்சு, அதன்பிறகு எதுவும் மண்டையில் ஏறாது. மகளைப் பெண் பார்க்க வந்த சம்பந்தியிடம் ‘வாங்க’ என்று சொல்வதற்கு முன்னால் அவருடைய பிடரியைப் பார்த்துவிட்ட ஆள் இவர். நல்லவேளை, சம்பந்தி ஒழுங்காக முடிவெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் கடையை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு வீடும் கொஞ்சம் நிலமும் வாங்கினார். வீட்டின் பின்புறத்தில் ஒரு ஓடை. மழை பெய்தால் மேட்டு நிலத்துத் தண்ணீரெல்லாம் அதில்தான் இறங்கும். மற்ற நாட்களில் வெறும் பள்ளம், ஆள் இறங்கி நின்றால் தலை மட்டும் தெரியும். இரண்டு கரையிலும் முள்ளும் கொடியும் புல்லும் கண்டபடி மண்டிக் கிடந்தன. அதைப் பார்த்த முதல் நாளே சலூன்காரருக்குக் கை நமநமவென்றது.

வீட்டைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை, அவர் மனைவி. அந்த அம்மாளை எல்லோரும் டிக்கெட்டம்மா என்பார்கள். ஒரு சினிமா தியேட்டரின் டிக்கெட் கவுண்டரில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தவர். கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் உலகம், இந்தப் பக்கம் இவர். உள்ளே ஓடுகிற படத்தின் பாட்டும் சண்டையும் சுவர் வழியாகக் காதில் விழும். கணக்கை ஒப்படைத்துவிட்டு உள்ளே போனால் கதாநாயகன் கடைசி வில்லனை அடித்துக்கொண்டிருப்பான். யார் எதற்காக அடிபடுகிறார்கள் என்பது அம்மாளுக்குத் தெரியாது.

ஆகவே வீடு பார்க்கப் போனபோது அவர் சமையலறையைப் பார்க்கவில்லை, குழாயைத் திறந்து பார்க்கவில்லை, நேராகப் போய் ஜன்னல்களைத்தான் பார்த்தார். இந்த வீட்டின் பின்னறையில் சுவரின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு ஒரு ஜன்னல் இருந்தது. ஓடையும் அதற்கு அப்பால் சரிவும் அதற்கும் மேலே வானமும் அதில் தெரிந்தன. டிக்கெட்டம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்த வீடுதாங்க,” என்றார். தரகர் விலையைச் சொல்லவே ஆரம்பித்திருக்கவில்லை.

குடிவந்து கொஞ்ச நாளில் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று டிக்கெட்டம்மா நகரத்துக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, “நான் வர்றதுக்குள்ள எதையாவது வெட்டித் தொலைக்காதீங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். பஸ் திருப்பத்தில் மறைந்ததும் சலூன்காரர் அரிவாளைத் தீட்ட உட்கார்ந்தார்.

அது வேலை இல்லை, வெறி. மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக எதிர்ச்சவரம் ஒரு தடவை. முள்ளை வெட்டினார், கொடியை இழுத்தார், புல்லைச் சுரண்டினார், வேரைக்கூட விடவில்லை. கடைசியில் ஓடை பளபளவென்று நின்றது. ஆனால் வெட்டியதை என்ன செய்வது? மலைபோல் குவிந்து கிடந்தது. எரிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கடையில் அவருக்கு ஒரு பழக்கம்: வெட்டிய முடியைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கதவைத் திறந்தே வைத்துவிடுவார். யார் கண்ணிலும் படாது. அதே யோசனைதான் இங்கேயும் வந்தது. ஓடை ஒரு இடத்தில் வளைந்து திரும்பும். அந்த வளைவுக்கு அப்பால் இருப்பது ஜன்னலுக்குத் தெரியாது. மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே பள்ளத்துக்குள் தள்ளி, காலால் மிதித்து அழுத்திவிட்டு வந்தார்.

டிக்கெட்டம்மா திரும்பி வந்ததும் ஜன்னலருகே போய் நின்றார். சலூன்காரர் பின்னால் நின்றார், வாடிக்கையாளரின் பிடரிக்குக் கண்ணாடி காட்டிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருப்பாரே, அதே தோரணையில்.

“எப்படி?”

“மொட்டை அடிச்சு வச்சிருக்கீங்க.”

“சுத்தமா இருக்குல்ல?”

“சுத்தமாத்தான் இருக்கு. வெட்டினதெல்லாம் எங்க?”

“எரிச்சாச்சு, எரிச்சாச்சு,” என்றார் சலூன்காரர், தேவைக்கு மேல் ஒரு தடவை.

முதல் மழை வந்தது. முன்பெல்லாம் புதருக்குள் புகுந்து தட்டுத்தடுமாறி இறங்கிய தண்ணீருக்கு இப்போது தடையென்று ஒன்றும் இல்லை. வழுக்கிக்கொண்டு வந்தது. கரையின் அடிமண்ணைச் சுரண்டியது. அடி போனதும் மேல்மண் பொத்பொத்தென்று விழுந்தது. மழை விட்டபோது ஓடை வீட்டுப் பக்கமாக நன்றாகவே நகர்ந்து வந்திருந்தது.

டிக்கெட்டம்மாளின் தம்பி கொத்தனார். ஆளை வரவழைத்தார்கள். வந்தார், பார்த்தார், தொடையைத் தட்டினார்.

“கவலைய விடுங்க மாமா. குறுக்க ஒரு சுவரு வச்சா தண்ணி எங்க போகும்? நான் கட்டின சுவரு ஒண்ணுகூட இதுவரைக்கும் விழுந்ததில்ல.”

சொன்னபடி கல்லும் சிமெண்டும் போட்டு, ஓடைக்குக் குறுக்கே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக, ரசமட்டம் பிடித்து ஒரு சுவர் எழுப்பினார். அழகான சுவர்தான், அதில் குறை சொல்ல முடியாது. மேல்விளிம்பில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் உருளாது.

அடுத்த மழை வந்தது. தண்ணீர் சுவரில் வந்து முட்டியது, ஏறியது, யோசித்ததுபோல் கொஞ்சம் நின்றது. பிறகு சுவரும் கரையும் சேர்கிற ஓரத்தை, அதுவும் வீட்டுப் பக்கத்து ஓரத்தை, குடைந்துகொண்டு போய்விட்டது. ஒரு கறிவேப்பிலைச் செடியும் துணி துவைக்கிற கல்லும் அதோடு போயின.

“பாத்தீங்களா மாமா, சுவரு அசையல!” என்றார் கொத்தனார், மழையில் நனைந்தபடி.

“சுவரு நிக்குது மாப்ள. தோட்டத்தைத்தான் காணோம்.”

ஜன்னல் சுவருக்கும் பள்ளத்துக்கும் இடையே இப்போது ஒரு கட்டில் போடுகிற இடம்தான் இருந்தது. இன்னொரு பெருமழை வந்தால் பின்னறை தாங்காது என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. மகள் போன் செய்து, “பேசாம எல்லாத்தையும் வித்துட்டு இங்க வந்துடுங்கப்பா,” என்றாள். மகள் வீடு அடுக்குமாடியில். அங்கே இவர்களுக்கு ஒதுக்கப்போகும் அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் இறங்குகிற கழிவுநீர்க் குழாயும் தெரியும்.

டிக்கெட்டம்மா சண்டை போடவில்லை. அதுதான் சலூன்காரருக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். அம்மாள் நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப்போட்டு, முடிந்தவரைக்கும் பார்த்துக்கொள்கிறவர்போல உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் ஓட்டை வழியாக உலகத்தைப் பார்த்தவளுக்கு ஒரே ஒரு ஜன்னல் கிடைத்தது, அதையும் நான் கெடுத்துவிட்டேனே என்று சலூன்காரருக்கு அழுகையே வந்தது. கொல்லைப்பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

மண் காய்ந்ததும் ஓடை எதுவரைக்கும் தின்றிருக்கிறது என்று பார்க்க மூன்று பேரும் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். இரண்டு கரையும் செங்குத்தாக, நேற்று வெட்டியதுபோல் சிவந்து நின்றன. வளைவு நெருங்க நெருங்க சலூன்காரரின் நடை தளர்ந்தது.

“போதும், திரும்பலாம். அங்க ஒண்ணும் இல்ல.”

“கொஞ்சம் போய்ப் பாத்துடலாமே,” என்றார் டிக்கெட்டம்மா.

“பாம்பு இருக்கும்.”

“இவ்ளோ நேரம் இல்லாத பாம்பா?” அம்மாள் வளைவைத் தாண்டிப் போய்விட்டார். சலூன்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னால் போனார்.

அங்கே ஓடையை அடைத்துக்கொண்டு அவருடைய குட்டு குவியலாகக் கிடந்தது. முள்ளும் கொடியும் கிளையும் ஒன்றோடொன்று பின்னி, இரண்டு மழையில் நனைந்து, படிந்து கிடந்தன. அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“எரிச்சாச்சுன்னீங்க?”

“எரிக்கலாம்னுதான்...” சலூன்காரர் திருதிருவென்று விழித்தார். “இடுப்பு வலி. அப்புறம் மழை. அப்புறம் மறந்து...”

ஆனால் டிக்கெட்டம்மா அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலடியைப் பார்த்தார். குவியலுக்கு மேல்புறம் பள்ளமே இல்லை. மேலிருந்து அடித்து வந்த மண்ணெல்லாம் குவியலில் சிக்கி, பாய் விரித்ததுபோல் சமமாகப் படிந்திருந்தது. அதில் புல்கூட முளைத்திருந்தது. இரண்டு பக்கக் கரையும் ஒரு கட்டி உதிராமல் நின்றன. ஒரு கொப்பு வேர்விட்டுத் துளிர்த்தே இருந்தது. இத்தனை அழிவு நடந்த ஓடையில் இந்த ஒரே இடம் பிழைத்திருந்தது.

கொத்தனார் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். “என் சுவரால ஆகாதது இந்தக் குப்பையால ஆச்சா?”

டிக்கெட்டம்மா சிரிக்க ஆரம்பித்தார். பல நாளாகக் கேட்காத சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டேய் தம்பி, புதுப் படம் போட்ட அன்னைக்கு எங்க தியேட்டர் வாசலைப் பாத்திருக்கியா?” என்றார்.

“பாத்திருக்கேன். சட்டை கிழிஞ்சிருக்கு.”

“கேட்டை இழுத்து மூடினா கூட்டம் வீட்டுக்குத் திரும்பிப் போகும்னு புதுசா வர்ற மேனேஜரெல்லாம் நினைப்பாங்க. போகாது. பக்கத்துச் சுவரை ஏறிக் குதிக்கும். நீ செஞ்சது அதான். உங்க மாமா என்ன செஞ்சாருன்னா, இருந்த கம்பித் தடுப்பை எல்லாம் பிடுங்கிட்டு, ஓடி வாங்கன்னு விட்டுட்டாரு. கூட்டத்தை அடைக்கவும் கூடாது, அவுத்து விடவும் கூடாது. அங்கங்க மறிச்சு, நெருக்கி, நடுவுல வழி வச்சு மெதுவா அனுப்பணும். அப்பதான் சட்டை கிழியாது.”

மறுநாளே வேலை ஆரம்பமானது. குவியலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு, மீதியை மேலே இழுத்து வந்தார்கள். ஓடைக்குக் குறுக்கே அங்கங்கே இரட்டை வரிசையாகக் கழிகளை அடித்து இறக்கி, நடுவில் முள்ளைத் திணித்து மிதித்து, கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள். இரண்டு ஓரமும் கரைக்குள் புதைந்து உயரமாக, நடு மட்டும் தாழ்ந்து இருக்கவேண்டும் என்பது டிக்கெட்டம்மாளின் கண்டிப்பான உத்தரவு. தண்ணீர் விழுகிற இடத்தில் கல்லைப் பரப்பச் சொன்னதும் அவர்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேற்பார்வை பார்த்தார். சலூன்காரர் துருத்திக்கொண்டிருந்த ஒரு குச்சியை நறுக்கக் கை நீட்டினால், “ம்ம்!” என்று ஒரு சத்தம் வரும். கை பின்வாங்கும்.

மிச்சம் இருந்தது கொத்தனாரின் சுவர். அதன் நடுவில் அகலமாக ஒரு வாய் உடைக்கவேண்டும் என்று அக்கா சொன்னபோது கொத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, நான் கட்டினது ஒண்ணுகூட விழுந்ததில்ல.”

“இப்பவும் விழப்போறதில்லடா. நீயேதான் உடைக்கப்போற. அது கணக்குல வராது.”

கொத்தனார் சம்மட்டியை எடுத்தார். முதல் அடியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். உடைத்தபிறகும் அந்த வாயின் ஓரங்களை ரசமட்டம் வைத்துப் பூசித்தான் விட்டார். அப்படியே விட மனசு கேட்கவில்லை.

பிறகு மழைக்காகக் காத்திருந்தார்கள். பயந்துகொண்டு காத்திருந்தார்கள் என்பதுதான் உண்மை. மகள் வேறு, தெரிந்தவர் ஒருவர் நிலம் வாங்க விருப்பமாக இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு பிற்பகலில் மேட்டுப்பக்கம் கறுத்தது. சலூன்காரர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார், திரும்ப வந்தார், மறுபடி போனார். மண்வெட்டியை வைத்துக்கொண்டு மழையை என்ன செய்யப்போகிறார் என்று கேட்டிருந்தால் அவருக்கே தெரியாது.

“இங்க வந்து உக்காருங்க,” என்று டிக்கெட்டம்மா பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டார்.

மழை வெளுத்து வாங்கியது. செந்நிறத் தண்ணீர் நுரை கக்கிக்கொண்டு ஓடையில் திரும்பியது. முதல் தடுப்பில் மோதியது. சலூன்காரர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். முள்ளுக்குள் புகுந்த தண்ணீர் திணறியது, விரிந்தது, பின்னால் வருவதோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பிறகு நடுவில் வைத்த வழியில் வரிசையாக இறங்கியது. அடுத்த தடுப்பில் மறுபடியும் அதே தள்ளுமுள்ளு, அதே வரிசை. கொத்தனாரின் சுவரை அடைந்தபோது அதன் வேகமெல்லாம் போயிருந்தது. உடைத்த வாய் வழியாகச் சாதுவாகக் கடந்து வளைவில் மறைந்தது. ஜன்னலுக்குக் கீழே கரை நின்றது. வெகுநேரம் பெய்தும் நின்றது.

“ஹவுஸ்ஃபுல்!” என்று கத்தினார் டிக்கெட்டம்மா, சின்னப்பெண்போல.

சலூன்காரரால் உட்கார முடியவில்லை. எழுந்தார். “மூணாவது தடுப்புல ஒரு குச்சி கோணலா நிக்குது. போய் லேசா...”

“உக்காருங்க. மறைக்குது.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். வாழ்க்கையில முதல் தடவையா ஒரு படத்தை ஆரம்பத்துலேருந்து பாக்குறேன். வணக்கம் போடற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.”

சலூன்காரர் உட்கார்ந்தார். அந்தக் கோணல் குச்சி அவர் கண்ணை உறுத்திக்கொண்டேதான் இருந்தது. மண்வெட்டியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, கையை மனைவியின் கைக்குள் கொடுத்து வைத்துக்கொண்டார். அங்கே இருந்தால்தான் அது சும்மா இருக்கும்.