சந்தனம் பூசிய இரண்டு டிஸ்க்குகள்

எங்கள் கம்ப்யூட்டருக்கு உயிர் வர ஒன்பது நிமிஷம் ஆகும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். பொத்தானை அழுத்திவிட்டுப் பால் காய்ச்சலாம், காபி கலக்கலாம், குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கலாம். திரும்பி வந்தால் அந்த மணற்கடிகாரப் படம் இன்னும் புரண்டுகொண்டேதான் இருக்கும். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. தினமும் காலையில் அதை நாலு வார்த்தை திட்டாமல் வேலை தொடங்கியதில்லை.

ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் வரைந்து கொடுப்பது என் தொழில். நான் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவேன். என் வீட்டுக்காரர் தனசேகரன் அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார். அந்த அட்டை தறிக்கு ஏறும். அப்படி மொத்தம் நூற்றி அறுபத்து மூன்று டிசைன் வரைந்திருந்தேன். தறிக்கு ஏறியது பதினொன்று. மற்றதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. கமண்டல நாகநதியில் தண்ணீர் வற்றும்போது மணலில் நிற்குமே ஒரு வரி, அதை முந்தானையாக்கி வைத்திருந்தேன். சீத்தாப்பழத் தோலைப் பார்டர் ஆக்கியிருந்தேன். யார் பார்த்தார்கள்? நானும் தனசேகரனும்தான் பார்த்தோம். அவர் எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் கீது" என்பார். கத்திரிக்காய்க் குழம்புக்கும் அதே சர்டிபிகேட்தான்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து மூன்று, ஆடி மாதத்தில் பெங்களூரிலிருந்து நஞ்சுண்டையா என்று ஒரு பெரிய வியாபாரி வந்தார். புது டிசைனாகத் தேடுகிறேன், ஆனால் பத்து நிமிஷம்தான் இருக்கிறது, காஞ்சிபுரம் போகவேண்டும் என்றார். நான் பொத்தானை அழுத்தினேன். அவர் காபி குடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாவது நிமிஷம் எழுந்து, "நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவர் கார் தெருமுனை திரும்பும்போதுதான் திரை வெளிச்சமானது. அன்றைக்கு நான் அழுததைப் போல என் கல்யாணத்தன்றுகூட அழவில்லை. அப்புறம் ஒரு மாதம் புதிதாக ஒரு கோடுகூட இழுக்கவில்லை.

சந்தவாசல் பிரபாகரன்தான் எங்கள் மெக்கானிக். அவன் பெட்டியைத் திறந்து காதை வைத்துக் கேட்டான்.

"ஹார்ட் டிஸ்க் தேஞ்சி போச்சிக்கா. ஒரு எடத்த மூணு வாட்டி படிச்சாத்தான் அதுக்குப் புரியுது. வேகமான டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டா, இதுல இருக்கிற விண்டோஸ், உங்க டிசைன் எல்லாத்தையும் அப்படியே தூக்கி அதுல எறக்கிடலாம். சும்மா பறக்கும்."

தனசேகரன் சென்னைக்குப் போய் புது டிஸ்க் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அதே கம்பெனி, அதே அளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். ஒட்டியிருந்த காகிதத்தில் ஏதேதோ எண்கள். பில்லில் 'ஹார்ட் டிஸ்க் ஒன்று' என்று மட்டும் இருந்தது.

பிரபாகரன் வந்தது ஆயுத பூஜையன்று காலையில். பழைய டிஸ்க்கைக் கழற்றி வெளியே எடுத்த பிறகுதான், பெட்டியில் இருந்த கேபிளில் ஒரு டிஸ்க் மாட்டத்தான் இடம் இருக்கிறது, இரண்டு மாட்டுகிற கேபிள் வேண்டும் என்று கண்டுபிடித்தான். கடையெல்லாம் மூடியாயிற்று. அவன் வீட்டில் ஒன்று இருந்ததாம். மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் எடுத்து வருவதாகச் சொன்னான். பழைய டிஸ்க்கின் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக 'ப' என்று எழுதினான்.

"இது மட்டும் மாறிடக் கூடாதுக்கா. எது பழசு, எது புதுசுன்னு தப்பா சொல்லிட்டா, காலி டிஸ்க்க எடுத்து நம்ம டிசைன் மேல எழுதிடும். அப்புறம் தலகீழா நின்னாலும் திரும்பி வராது."

அவன் படியிறங்கின கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. நஞ்சுண்டையா. நாளை விஜயதசமி, நல்ல நாள், காஞ்சிபுரம் போகிற வழியில் ஒன்பது மணிக்கு வருகிறேன், பத்து நிமிஷம்தான் என்றார். வாங்க என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

சாயங்காலம் பூஜை. நான் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்யமாட்டேன், அதுதான் என் கிரகம். கத்திரி, ஸ்கேல், அட்டை குத்துகிற மெஷின், சைக்கிள், கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் துடைத்து எடுத்தேன். இரண்டு டிஸ்க்குகளையும் விடவில்லை. எங்கள் தறி அதுதானே. ஈரத்துணியால் முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்து, இடுக்கில் இருந்த அழுக்கையெல்லாம் கொண்டை ஊசியால் நோண்டி எடுத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஆளுக்கொரு சாமந்திப்பூவும் வைத்துப் பலகையில் அடுக்கினேன். கண் நிறைந்துபோயிற்று. பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது தனசேகரன் பலகையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"பரிமளா, எதுல 'ப' போட்டிருந்தான்?"

நான் பார்த்தேன். இரண்டு முதுகிலும் சந்தனமும் குங்குமமும்தான் இருந்தன, எழுத்து இல்லை.

"இன்னா பண்ணி வெச்சிகீற நீ? தொடச்சிட்டியா?"

"ஆயுத பூஜைக்குத் தொடைக்காம இன்னா பண்ணுவாங்க?" என்று எகிறினேன்.

அவர் அப்போதே டிஸ்க்கை எடுத்து மாட்டிப் பார்க்கலாம் என்று கை நீட்டினார். நான் கையைத் தட்டிவிட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டாமல் எடுக்கக் கூடாது. செய்ததே போதும், சாமி குற்றம் வேறு எதற்கு? அவர் அப்படியே திண்டாடிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். அன்றைக்குப் பொரியை யாரும் தொடவில்லை.

காலை ஆறு மணிக்கெல்லாம் கற்பூரம் காட்டிவிட்டோம். பிரபாகரனைக் காணோம். பண்டிகை நாளில் சந்தவாசலிலிருந்து பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஆறரை மணிக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏங்க, ரெண்டுல ஒண்ண மட்டும் மாட்டிப் போடுங்க. விண்டோஸ் வந்தா அது பழசு. வரலன்னா அது புதுசு. இதுக்குப் போயி ராத்திரியெல்லாம் பேஜாரா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பழைய கேபிளில் ஒன்றை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரை, அதில் வெள்ளையாக ஒரு வரி. டிஸ்க் இல்லை என்று அர்த்தம். "அப்போ இது புதுசு!" என்று கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டினார். நான் காபியைக்கூட மறந்து நின்றேன்.

கறுப்புத் திரை. வெள்ளையாக அதே ஒரு வரி.

மாற்றி மாற்றி மூன்று முறை போட்டார். இரண்டுமே வாய் திறக்கவில்லை. தனசேகரன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரத்துணியா, சந்தனத் தண்ணீரா, எதுவோ உள்ளே இறங்கிக் கொன்றுவிட்டது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. என் ஆற்று மணல் போயிற்று. சீத்தாப்பழம் போயிற்று. மூன்று வருஷம் நான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வரைந்த நூற்றி அறுபத்து மூன்றையும் என் கையாலேயே குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அனுப்பிவிட்டேன். எனக்கு வாயில் திட்டு வரவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஏழே காலுக்குப் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு பிரபாகரன் வந்து இறங்கினான். நடந்ததைச் சொன்னோம். அவன் டிஸ்க்கைக் கையில் எடுத்து, சந்தனத்தைப் பார்த்து, குங்குமத்தைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்பக்கம் திருப்பினான்.

"இங்க ஊசி ஊசியா இருக்குது பாருங்க. அது மேல கடுகு மாதிரி ஒரு சின்ன கறுப்பு மூடி இருந்துச்சே, எங்கக்கா? அது இல்லன்னா, தனியா மாட்டுனா இந்த மெஷினுக்கு டிஸ்க் இருக்கிறதே தெரியாது."

எனக்குக் காது சுட்டது. "அது அழுக்கில்லையா?"

"எடுத்துட்டீங்களா?"

"கொண்டை ஊசியால."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்தான். ஒண்ண மட்டும் அழுக்கா விடுவாங்களா?"

தனசேகரன் தரையில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். பிரபாகரனும் சிரித்தான். நான் குப்பைக்கூடையைக் கவிழ்க்கப் போனேன். அவன் வேண்டாம் என்று தடுத்து, சிடி போடுகிற பெட்டியின் பின்னாலிருந்து அதே மாதிரி ஒரு மூடியைப் பிடுங்கினான். ஒரு டிஸ்க்கில் செருகி மாட்டினான். விசிறி சுற்றியது, வேறொன்றும் இல்லை. அதைக் கழற்றி மற்றதில் செருகினான். பொத்தானை அழுத்தியதும் உள்ளேயிருந்து கர்ர்... டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. தினமும் காலையில் நான் திட்டிய அதே சத்தம்.

"இதான்! இதான் பழசு!" என்று கத்தினேன். மணற்கடிகாரம் புரளத் தொடங்கியது. ஒன்பது நிமிஷமும் அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

இந்த முறை 'ப'வை பேனாவால் எழுத நான் விடவில்லை. ஒரு சிவப்புப் பட்டு நூலை எடுத்துப் பழைய டிஸ்க்கைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பிரபாகரன் இரண்டையும் புது கேபிளில் மாட்டி, நகல் எடுக்கிற ஃப்ளாப்பியைப் போட்டான். எதிலிருந்து, எதற்கு என்று திரையில் கேட்டபோது அவன் விரலை வைத்துக் காட்ட, நாங்கள் மூன்று பேரும் வாய்விட்டுப் படித்தோம். எண்டர் தட்டினான். மணி ஏழு ஐம்பத்தைந்து.

நீலக்கோடு ஒன்று நகர ஆரம்பித்தது. ஊரில் ஒரு விசைத்தறியும் ஓடாத நாள். கரண்ட் கண் சிமிட்டாமல் நின்றது. பத்து சதம். இருபத்தைந்து. நாற்பதில் கொஞ்சம் நின்று யோசித்தது. நான் அதன் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஜல்தியா போ" என்று அதட்டினேன். போயிற்று. எட்டு நாற்பதுக்கு நூறு.

பழையதைக் கழற்றி, மூடியைப் புதியதற்கு மாற்றி, மாட்டி, அழுத்தினோம். சத்தமே இல்லை. செத்துவிட்டதோ என்று நான் குனிவதற்குள் திரை வந்துவிட்டது. என் டிசைன்கள் எல்லாம், பெயர் பெயராக, இருந்த இடத்திலேயே இருந்தன. ஆற்று மணலைத் தொட்டேன். விரிந்தது. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிரபாகரன் கைதட்டினான். தனசேகரன் தட்டிலிருந்த பொரியை அள்ளி அவன் வாயில் அடைத்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைத்தேன்.

"ஏன்டி அணைச்ச? பைத்தியமா உனக்கு? ஆள் வர நேரத்துல!"

"அணைஞ்ச திரையப் பாத்துத்தானே போனாரு? அவரு எதிர்லயே திரை வரட்டும்" என்றேன். திமிர்தான். இருக்கட்டும்.

சொன்ன மாதிரி ஒன்பது மணிக்கு நஞ்சுண்டையா கார் வந்தது. நாற்காலியைக் காட்டினோம், உட்காரவில்லை. இருட்டாக இருந்த திரையைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மனசில் ஓடியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"பத்து நிமிஷம்தாம்மா" என்றார்.

"அதுக்கென்னங்க, காபி குடிங்க" என்று டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

அவர் காபியை ஊதிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாய் குடிக்குமுன் திரை வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். நான் நேரத்தை வீணாக்கவில்லை. பத்து நிமிஷத்துக்குள் நூற்றி அறுபத்து மூன்றையும் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. சீத்தாப்பழப் பார்டர் வந்தது, போனது. மழைக்கோடு வந்தது, போனது. தட்டத் தட்ட ஒவ்வொன்றாக வந்தது. ஆற்று மணலும் வந்தது. அடுத்ததைத் தட்டிவிட்டேன்.

"நில்லுங்க, நில்லுங்க" என்று ஒரு குரல்.

திரும்பினேன். டம்ளர் மேஜையில் இருந்தது, பாதிக் காபியோடு. நஞ்சுண்டையா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியைத் தானே இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"எதுக்கும்மா இவ்ளோ அவசரம்?" என்றார். "மொதல்லேர்ந்து வாங்க. கொஞ்சம் மெதுவா காட்டுங்க."