உறைக்குள் எழுதிய பெயர்கள்

காத்தான்குடியில் என் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. விளையாடி முடித்த கேம் டிஸ்க்கை விற்க வருகிறவர், அதன் உறைக்குள் பென்சிலால் தன் பெயரையும் ஊரையும் எழுத வேண்டும். வாங்குகிறவர் அதன் கீழே எழுதுவார். களவுச் சாமான் வந்துவிடக் கூடாது என்று தொடங்கியது. ஏறாவூர், ஓட்டமாவடி, செங்கலடி என்று சில டிஸ்க்குகள் என்னைவிட அதிகம் ஊர் சுற்றியவை. கூடவே கணினியிலிருந்து பென்டிரைவில் கேம் ஏற்றியும் கொடுப்பேன். அதற்கு யாரும் பெயர் எழுதுவதில்லை.

குருக்கள்மடத்திலிருந்து வந்த விதுர்ஷா ஆறு டிஸ்க்குகளை மேசையில் வைத்தாள்.

"எல்லாத்தையும் குடுக்கப் போறீங்களா, தங்கச்சி?"

"ஓம் நானா," என்றாள், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில். "திங்கட்கிழமை கொழும்புக்குப் போறன். பேங்க்ல வேலை. இனி கேம் ஒண்டும் வேணாம்."

வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்த்தேன். அவள் என் கணினித் திரையில் இருந்த கேம் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"'தோணிக்காரி' உங்களுக்கு எப்படிக் கிடைச்ச?"

"ஆரோ கொண்டந்தாங்க. நல்ல கேம். ஃப்ரீதான்."

"ஃப்ரீ எண்டு ஆர் சொன்ன?"

"தமிழ்ல இரிக்கி, வாவியப் பத்தி இரிக்கி. என்ஜிஓ ஒண்டு விழிப்புணர்வுக்குச் செஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்."

அவள் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு.

"நான் செய்தது, நானா. ரெண்டு வருசம். இணையத்தில விக்கப் போட்டன். பதினொரு பேர்தான் வாங்கின. அதான் விட்டுட்டுப் போறன்."

வெட்கம் வந்தால் எனக்கு வாய் நீளும். "நீங்களும்தானே பழைய டிஸ்க்க விக்க வந்திரிக்கீங்க? அதச் செஞ்சவனுக்கு இதுல என்ன போகுது?"

அவள் மேசையிலிருந்து ஒரு டிஸ்க்கைக் கையில் எடுத்தாள்.

"ஒண்டும் போகாதுதான்," என்றாள். "ஆனா இதைக் குடுத்தா என்னட்ட இருக்காது. நீங்க ஏத்திக் குடுத்தது உங்களிட்டயும் இருக்கு."

அலமாரியில் இருந்த உறைகளைப் பார்த்தேன். உறைகளில் இருந்த ஒவ்வொரு பெயரும், கையில் இருந்ததை விட்டுக்கொடுத்த ஒருவரின் பெயர். இத்தனை வருடங்களாகப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தும் நான் அப்படி எதையும் விட்டதில்லை.

'தோணிக்காரி'யை அவள் கண்முன்னே அழித்தேன்.

"மற்றதெல்லாம் ஆருடையதோ?" என்றாள். "செய்தவங்க வந்து நிண்டாத்தான் அழிப்பீங்களோ?"

பட்டியல் நீளமாக இருந்தது. "பாக்கிறன்," என்றேன். அதற்குமேல் சொன்னால் பொய்யாகிவிடும்.

பிறகு, சொல்லலாமா என்று யோசித்துச் சொன்னேன். "ஏறாவூர்ப் பொடியன் ஒருத்தன், பஸ்லான் எண்டு பேர், இத ஏத்திக்கொண்டுபோய் விளையாடிட்டு ரெண்டு தரம் வந்து கேட்டான். முகத்துவாரத்தில தோணி கவிழுதே, மறுகா அவளுக்கு என்ன நடந்த? அடுத்த பாகம் எப்ப?"

"அவ்வளவு தூரம் விளையாடினவனா?"

"நானும்தான்."

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

வெற்று உறை ஒன்றை எடுத்து, முதல் வரியில் 'விதுர்ஷா, குருக்கள்மடம்' என்று எழுதினேன். கீழே என் பெயர்: 'இர்ஷாத், காத்தான்குடி.' பிறகு போனில் அவள் கேம் விற்கும் பக்கத்தைத் திறந்து, பன்னிரண்டாவது ஆளாக வாங்கினேன்.

"பஸ்லான்ட நம்பரைத் தாங்க," என்றாள். "அவனும் காசுக்கு வாங்குவானா எண்டு கேக்கோணும்."

கொடுத்தேன். திங்கட்கிழமை பற்றி நான் கேட்கவில்லை. ஆறு டிஸ்க்குகளையும் அவள் திரும்பப் பைக்குள் வைத்தாள்.