பிங்கி தின்ற காய்

பிங்கியின் அம்மா ரஞ்சுதேவி போன் செய்தபோது ஷோபனா ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில் புங்கங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். டேங்கர் லாரி முன்னால் ஊர்ந்துபோக, அவள் குழாயைப் பிடித்தபடி பின்னால் நடந்தாள். ஈரக்கையால் போனை எடுத்ததும் முதலில் அழுகைதான் கேட்டது.

"தீதி, பிங்கி நே கனேர் கா லியா!"

அக்கா, பிங்கி அரளியைத் தின்றுவிட்டாள். அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வந்துவிட்டேன், டாக்டர் பேசுவது எனக்குப் புரியவில்லை, நீ வா என்றாள் இந்தியில். அதற்குள் போன் துண்டிக்கப்பட்டுவிட்டது.

குழாய் நழுவித் தெருவில் தண்ணீர் ஓடியது. "இன்னா ஆச்சு?" என்று டிரைவர் பூபாலன் லாரியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கொழந்த ஒண்ணு அரளி தின்னுடுச்சாம்ணா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"போ, போ. இத நான் பாத்துக்கறேன்."

ஓடிப்போய் ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏறினாள்.

ஷோபனா ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். நகராட்சி நடும் கன்றுகள் பட்டுப்போகாமல் தெருக்காரர்களைப் பார்த்துக்கொள்ள வைப்பது அவள் பொறுப்பு. அந்தத் தெருவில் தமிழ் வீடுகளும் தெலுங்கு வீடுகளும் கலந்து இருந்தன. கோடியில் இருந்த வரிசை வீடுகளில் டைல்ஸ் ஒட்டவும் கட்டட வேலைக்கும் பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள், ரஞ்சுதேவியுடையது உட்பட. பெரியவர்கள் அவரவர் வாசலோடு சரி. அதனால் அவள் பிள்ளைகளைப் பிடித்தாள். ஞாயிறு காலைகளில் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பாள். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று மூன்று மொழியிலும் அதன் பேரைக் கத்த வேண்டும். புங்கம், கானுக, கரஞ்ச். வேம்பு, வேப, நீம். கத்தித் தீர்த்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய், என் கன்றுக்குத் தண்ணீர் ஊற்று என்று அம்மாக்களை நச்சரித்தன.

போன மாதம் ரயில்வே சுவரோரம் பூத்து நின்ற மஞ்சள் அரளியின் முன்னாலும் அவர்களை நிறுத்தினாள். தெலுங்கில் இது கன்னேரு, இந்தியில் கனேர், வாயில் வைத்தால் செத்துப் போவீர்கள் என்று மூன்று மொழியிலும் சொன்னாள். அன்று சாயங்காலமே, பிங்கியின் தோழி, தெலுங்கு வீட்டு அபியின் அப்பா கஜபதி அவளை வழிமறித்தார்.

"மரம் நடு, வேணாங்கல. விஷ மரத்தையெல்லாம் எதுக்கும்மா புள்ளைங்களுக்குக் காட்டற? காட்டலன்னா அதுங்களுக்குத் தெரியவே போறதில்ல."

தெரிந்தால்தான் தொடமாட்டார்கள் என்று அப்போது தைரியமாகப் பதில் சொன்னாள். இப்போது அந்தப் பதிலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை. அரளிக்காய் பச்சையாக, உருண்டையாக, தின்கிற காய் மாதிரியே இருக்கும். தான் கையை நீட்டிக் காட்டியிருக்காவிட்டால் ஆறு வயதுப் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்காதே என்று நினைத்தவள் ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

அவசரப் பிரிவில் பிங்கி அம்மாவின் மடியில் தலை வைத்துச் சுருண்டு படுத்திருந்தாள். நெஞ்சில் ஈசிஜி ஒயர்கள், புறங்கையில் ஊசி. ரஞ்சுதேவி திக்கித் திக்கி நடந்ததைச் சொன்னாள். லீவு நாள் என்று காலையிலிருந்து அபி வீட்டில் விளையாடிய பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து வாந்தி எடுத்திருக்கிறாள். வாந்தியில் பச்சைத் தோல். என்ன தின்றாய் என்று உலுக்கியதற்கு அழுகைக்கு நடுவே அவள் சொன்னது 'கனேர்'. ரஞ்சுதேவியோடு வளர்ந்த பெண் ஒருத்தி அரளிக்கொட்டையை அரைத்துக் குடித்துச் செத்தவள். அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றாமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். புருஷன் தொலைவில் ஒரு வெளியூரில் வேலையில் இருந்தான். சேதி சொல்லியாயிற்று, இன்னும் வந்து சேரவில்லை.

டாக்டர் கயல்விழி ஷோபனாவிடம் நேராக வந்தார். "இவங்க பேசறது உங்களுக்குப் புரியுதா? கொட்டையத் தின்னாளா, மேல் சதையா, எவ்வளவுன்னு தெரியணும். இதுவரைக்கும் ஈசிஜி நல்லாதான் இருக்கு. ஆனா அரளிய நம்ப முடியாது, நேரம் கழிச்சுக்கூட வேலையக் காட்டும். திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்னு ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன்."

ஷோபனா பிங்கியின் பக்கத்தில் குனிந்து இந்தியில் கேட்டாள். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தமிழில் கேட்டாள். முகத்தை அம்மாவின் புடவைக்குள் புதைத்துக்கொண்டாள். வந்தவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்டிருந்தார்கள். பெரிய தப்பு ஏதோ செய்துவிட்டோம் என்று மட்டும் அவளுக்கு விளங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிங்கி அபியின் கையை விட்டு நகரமாட்டாள். இரண்டும் பேசிக்கொள்வது முழுக்கத் தெலுங்கு. அபி வீட்டிலேயே கிடந்து பிங்கிக்கு அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஷோபனா கட்டிலோரம் மண்டியிட்டு, விளையாட்டுக்குக் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"அபி நீக்கு ஏம் பெட்டிந்தி?" அபி உனக்கு என்ன தின்னக் கொடுத்தாள்?

கண் திறந்தது. "கங்கரேகு பண்டு."

ஷோபனா இன்னும் கிட்டக் குனிந்தாள். "இன்னொரு வாட்டி சொல்லு."

"கங்கரேகு."

எத்தனை என்றதற்கு, நிறைய என்னும் பொருளில் "சாலா" என்று இரண்டு கையையும் விரிக்கப் போனாள். ஊசி இழுக்கவும் முகத்தைச் சுளித்தாள்.

"டாக்டர், அரளி இல்லீங்க! எலந்த. பெரிசு பெரிசா பச்சையா விக்கறாங்களே, ஆப்பிள் எலந்தன்னு, அத தெலுங்குல கங்கரேகும்பாங்க. அம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது. இவ அழுதுகினே சொன்னது அவங்க காதுல கனேர்னு விழுந்திருக்கு."

கயல்விழியின் முகம் கொஞ்சம் இளகியது. "அப்படி இருந்தா நல்லதுதான். ஆனா குழந்தை சொல்றத மட்டும் வெச்சு ஆம்புலன்ஸ வேணாம்னு சொல்ல முடியாதுங்க. கூட இருந்தவங்க யாராவது சொல்லணும்."

கூட இருந்தவர் கஜபதி. ஷோபனா தயங்காமல் அவருக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயோ, நான்தாம்மா குடுத்தேன்," என்றார் அவர். "பள்ளிப்பட்டாண்ட எங்க பாவா, அக்கா வூட்டுக்காரரு, கொல்லி நெலத்துல காய்ச்சது. நேத்து ஒரு பை எடுத்தாந்தேன். காலைலேர்ந்து ரெண்டும் உப்பு மொளகாத்தூள் தொட்டுகினு தின்னுகினே இருந்துச்சுங்க."

"வேற எங்கயாவது போனாங்களா? ரயில்வே சுவராண்ட?"

"வாசல விட்டு நகரலம்மா. நான் அங்கயே வண்டி தொடச்சுகினு இருந்தேன். இரு, வந்துட்டேன்."

அவர் வந்தபோது ஒரு கையில் பை, மறு கையில் அபி. டாக்டர் கேட்பதற்கு முன்பே அபி ஆரம்பித்துவிட்டாள். "நாங்க அரளியாண்ட போவவே மாட்டோம். தின்னா செத்துடுவாங்க. நான் பூ பறிக்கப் போனப்பகூட பிங்கிதான் என் கையப் புடிச்சு இழுத்துட்டா."

ஷோபனா சுவரில் சாய்ந்துகொண்டாள். கஜபதி அவளைப் பார்த்துவிட்டுப் பையை டாக்டரிடம் நீட்டினார். கயல்விழி ஒரு காயை எடுத்துப் பிளந்து, சதையையும் உள்ளே இருந்த கொட்டையையும் பார்த்தார். ரஞ்சுதேவியும் பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். முகர்ந்தாள்.

"அரே, யே தோ பேர் ஹை!"

அடடே, இது இலந்தை அல்லவா! அவள் ஊர்க் குளத்தங்கரை முழுக்க இந்த மரம்தானாம். கல்லால் அடித்துத் தின்று வளர்ந்தவள். சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதாள். அழுதுகொண்டே காயைக் கடித்தாள். பிங்கியின் முதுகில் ஒரு அடி வைத்து, அடித்த இடத்திலேயே முத்தமும் கொடுத்தாள்.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லப்பட்டது. ஆனாலும் சாயங்காலம்வரை இருக்கட்டும் என்றார் டாக்டர். ஷோபனாவும் போகவில்லை. கஜபதி எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். தாழ்வாரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த வாரம் எலந்தையையும் சேத்துக் காட்டிடும்மா," என்றார்.

"முள்ளு மரமாச்சே, தெருவுல நட முடியாதுன்னு விட்டுட்டேன்."

"நடாட்டி போவுது. பேரு தெரியணும் இல்ல?"

"ஆங், சரிங்க," என்றாள் அவள். டீ நன்றாக இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கடைசியாக எடுத்த ஈசிஜியும் சுத்தமாக இருந்தது. வயிறு கொள்ளாத அளவு தின்றிருக்கிறாள், வேறு ஒன்றுமில்லை, ரெண்டு நாளைக்குக் காரம் கொடுக்காதீர்கள் என்று அனுப்பி வைத்தார் கயல்விழி. வெளியே வரும்போது வாசல் படியில் பிங்கியின் அப்பா ஓடி வந்தான். சட்டையெல்லாம் சிமெண்ட். மகள் நடந்து வருவதைப் பார்த்தவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். ரஞ்சுதேவி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி, ஆரம்பத்திலிருந்து கதையைச் சொல்லத் தொடங்கினாள். வேகமான இந்தியில் பாதிக்கு மேல் ஷோபனாவுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவன் சிரித்த இடத்தில் அவளும் சிரித்தாள். கஜபதியும் சிரித்தார். பிங்கி அப்பாவின் தோளில் ஏறி, அபியைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.