புரட்டாசியில் ஒரு மீன் வண்டி

தமிழ்நாடு இனித் தனி நாடு என்று சட்டமன்றத்தில் அறிவித்த நாளிலிருந்து ரோஹிணி டீச்சர் வீட்டு நாட்காட்டியில் யாரும் தாள் கிழிக்கவில்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. செய்தித்தாள் வரவில்லை, செல்போனில் சிக்னல் இல்லை. சேலையூர்த் தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. வெளிமாநிலத்தார் எல்லோரும் தங்கள் பாதுகாப்புக்காகக் கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அது சொன்னது. எதிர் வீட்டு மிட்டாய்க்கடைக்காரர் குடும்பம் அதை நம்பிப் போயிற்று. பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மண்டபத்து ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டார்கள் என்பது மட்டும் காதில் விழுந்தது.

டீச்சர் வீட்டு மாடியில் குடியிருந்தவள் சரிதா, ராஜஸ்தான்காரி. அவள் கணவன் விமானப் படையில் இருந்தான். அறிவிப்பு வந்த அன்று வேலைக்குப் போனவன் தளத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டான். உள்ளே மத்தியப் படை, வெளியே மக்கள் காவல் படை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சரிதா விளக்குகூடப் போடாமல் கிடந்தாள். குழந்தை அழும்போதெல்லாம் கீழே ரோஹிணி மிக்சியை ஓடவிட்டாள்.

இன்று சாயங்காலத்துக்குள் வீடு வீடாகச் சோதனை என்று ஜீப் சொல்லிவிட்டுப் போனது.

“நாமளே மண்டபத்துல விட்டுடலாம், ரோஹிணி. ஒளிச்சு வெச்சிருக்கோம்னு தெரிஞ்சா நம்மளையும் துரோகின்னுடுவாங்க” என்றார் கணவர் ஜெயகிருஷ்ணன்.

“பச்சைக் குழந்தைங்க அது. பலகை அடிச்ச எடத்துல விட்டுட்டு வந்து எந்தக் கையால நான் சாமிக்கு விளக்கேத்தறது?”

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. “டீச்சரம்மா, மீனு!”

கோவளத்துப் பாப்பா. வெகுநாளைக்குப் பிறகு ஒரு படகு கடலுக்குப் போய் வந்ததாம். லோடு ஆட்டோவில் கணவர் கோதண்டத்தோடு வந்திருந்தாள். ரோஹிணி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி விஷயத்தைச் சொன்னாள்; சரிதாவைத் தளத்து வாசலில் கொண்டுபோய் விட வேண்டும் என்றாள்.

பாப்பா மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள். “மீனு வண்டிய எவனும் கிண்டிப் பாக்க மாட்டான். எம் மருமவள்னு சொல்லிக்கிறேன். வாயத் தொறக்காம குந்திகினு வந்தா போதும்.”

“உனக்கு பயமா இல்லையா, பாப்பா?”

“ஏன் இல்ல? பயமாத்தான் கீது. அதுக்குன்னு புள்ளய வுட்டுட்டு பூட முடியுமா?”

பாப்பாவைப் போலவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிதா வண்டியின் பின்புறம் ஏறினாள். பிடித்த ரோஹிணியின் கையை அவள் விடவே இல்லை. வேறு வழியில்லாமல் ரோஹிணியும் ஏறிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். தடுக்கப்போகிறார் என்று அவள் நினைத்த ஜெயகிருஷ்ணன் உள்ளே ஓடிப்போய்க் குடையோடு வந்தார். “குழந்தைக்கு வெயில் ஆகாது” என்றார்.

கேம்ப் ரோடு முனையில் மூங்கிலைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். மக்கள் காவல் படையின் நாலைந்து இளைஞர்கள். துப்பாக்கி வைத்திருந்தவனைக் குணா என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். அவன் நெற்றியில் ஈரம் காயாத நாமம்.

அதைப் பார்த்ததும்தான் ரோஹிணிக்கு உறைத்தது. புரட்டாசி மாதம். சனிக்கிழமை. வருஷம் தவறாமல் பெருமாளுக்குத் தளிகை போடுகிறவள், பயத்தில் கிழமையையே மறந்திருந்தாள். பாப்பாவும் மறந்திருந்தாள்.

“யக்கா, வண்டில இன்னா?”

“மீனுப்பா.”

“மீனா? டேய் பிரேம், இங்க பாருடா! பொரட்டாசி சனிக்கெயமல மீனு விக்க வந்துகீறாங்க. பெருமாளா வாங்கிக்கப் போறாரு?”

பையன்கள் சிரித்தார்கள். குணாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“இன்னிக்கு எவனும் வாங்க மாட்டான்னு உனுக்குத் தெரியாதா? அப்ப எதுக்கு வந்த?” அவன் பார்வை சரிதாவிடம் போனது. “உம் பேரு இன்னாம்மா?”

“எம் மருமவப்பா, தொண்ட கட்டிகினு...”

“உன்ன கேக்கல.”

கூச்சலில் குழந்தை விழித்து வீறிட்டது. சரிதா தன்னை மறந்து அதை மார்போடு அணைத்து, “சுப் ஹோ ஜா, பேட்டா” என்று இந்தியில் தேற்றினாள்.

பிரேம் கழுத்தில் தொங்கிய விசிலை வாய்க்குக் கொண்டுபோனான். அதை ஊதினால் ஜீப் வந்துவிடும்.

சொல்வதற்கு ரோஹிணியிடம் பொய் ஒன்றும் மிச்சமில்லை. வண்டியிலிருந்து இறங்கினாள். முந்தானையை இரண்டு கையாலும் குணாவின் முன்னால் விரித்தாள். உடைந்த குரலில் கூவினாள்.

“கோவிந்தா... கோ...விந்தா!”

“கோவிந்தா!” என்று மூங்கிலருகே நின்ற பையன்கள் பழக்கத்தில் பதில் கொடுத்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தம்பி, காலைல நீயும் சொம்பு ஏந்திகிட்டு வீடு வீடாப் போயிருப்ப. கோவிந்தான்னு கேட்டவங்களுக்கு யாராவது இல்லேன்னு சொன்னாங்களா? ஒரு பிடி அரிசியாவது போட்டிருப்பாங்க. நான் உன்கிட்ட கேக்கறேன். இந்தப் பொண்ணையும் குழந்தையையும் எனக்குப் போடுப்பா. அவ புருஷன்கிட்ட சேர்த்துடறேன்.”

“மச்சான், மேல தெரிஞ்சா நம்மள உயிரோட வுட மாட்டானுங்க” என்றான் பிரேம்.

“தெரியும்டா.”

குணா அந்த வெறும் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிரேமின் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, மூங்கிலைத் தானே தூக்கினான்.

“மெயின் ரோட்ல போவாதீங்க. ஏரிக்கர பக்கமா பூடுங்க. சீக்கிரம்!”

தளத்து வாசலில் மணல் மூட்டைகளுக்கு மேலே துப்பாக்கிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கோதண்டம் வண்டியைத் தள்ளியே நிறுத்தினார். ரோஹிணியும் சரிதாவும் நடந்தார்கள். “ருக் ஜாவ்!” என்று நிற்கச் சொல்லி உள்ளிருந்து ஒரு கத்தல். கையைத் தூக்கச் சொன்னார்கள். குழந்தையை வைத்திருப்பவள் எப்படித் தூக்குவாள்? ரோஹிணி அவளுக்கு முன்னால் போய் நின்று தன் இரண்டு கைகளையும் தூக்கினாள். சரிதா கணவன் பெயரைச் சொல்லி அலறினாள். திரும்பத் திரும்ப அலறினாள்.

சின்னக் கதவு ஒன்று திறந்தது. காலில் விழக் குனிந்த சரிதாவை “போ, போ” என்று ரோஹிணி பிடித்துத் தள்ளினாள். கதவு சாத்திக்கொண்டது.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல் தாழ்வாக வந்தது. “அம்மா, ஓடாதீங்க. ஓடினா சுடுவாங்க. மெதுவா நடங்க, நான் சொல்லிக்கறேன்.”

துப்பாக்கிகளுக்கு முதுகைக் காட்டி அவள் நடந்தாள். பாதி வழிக்குப் பாப்பா எதிரே வந்து கையைப் பற்றிக்கொண்டாள். அந்தக் கையும் சில்லிட்டிருந்தது.

வண்டி கிளம்பியது. ஏரிக்கரைப் பக்கம் ஜீப்பின் ஒலிபெருக்கி கேட்டது. ரோஹிணி கண்ணை மூடிக்கொண்டாள். மூங்கிலைத் தூக்கிய அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதைத் தவிர, பெருமாளிடம் வேறெதுவும் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.